இரண்டு றோலருக்கு நடுவில ஒரு வயர்

வேலை செய்யக் கூடாது எண்டு சொல்லித்தான் என்னை இந்த வெள்ளைக்கார நாட்டின்ர அகதி முகாமில இருந்து வெளியில விட்டவங்கள். படுக்கலாம், சாப்பிடலாம், நடக்கலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது. 2013ஆம் ஆண்டு. செவன் ஹில்ஸ் எண்ட இடத்தில ஒரு வீட்டில, என்னை மாதிரி படகில வந்த பெடியளோட இருந்தன். அதுக்குள்ளை நாப்பது தாண்டின ஆள் நான் ஒருத்தன்தான். அவங்கள் போனை நோண்டிக்கொண்டு கிடப்பாங்கள். நான் சமைக்கிற குசினியில ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்துப் பாக்டரிக்கு லொறி வாறதையும் போறதையும் பாத்துக்கொண்டிருப்பன். கவலையோ எண்டு கேட்டா கவலையும் இல்லை. கனநேரம் குந்தியிருந்தா கால் விறைச்சுப் போகுமெல்லே, அப்பிடி முழு ஆளும் விறைச்சுப் போயிருந்தன்.

ஒரு ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் கோயில்ல அன்னதானமாம் எண்டு பெடியள் வெளிக்கிட்டாங்கள். நான் வேதக்காரன், மாதா கோயில்ல ஞானஸ்நானம் எடுத்த ஆள். எண்டாலும் சோத்துக்கு என்ன வேதம்? நானும் காரில ஏறிட்டன். அங்கை சாம்பார் வாளியோட நிண்ட ஒரு இந்தியாக்காரர்தான் என்னை ஒரு பழைய கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். சென்னைக்காரர். எஞ்சினியர் வேலை பாத்து ரிட்டயர்ட் ஆனவர். அங்கிள் எண்டுதான் கூப்பிடுவன். தங்கமான மனுசன். வாய்தான் ஒரு நிமிசமும் சும்மா இராது.

“ஊர்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” எண்டு கேட்டார்.

“கடல் தொழில் அங்கிள். றோலர் வைச்சிருந்தனாங்கள்.” றோலர் எண்டா எங்கட பக்கத்தில, பின்னாலை வலையைக் கட்டி இழுக்கிற மரப் படகு.

“அடடே! எங்ககிட்டயும் ஒண்ணு இருக்குங்க. பழசு, நீராவில ஓடினது. கொஞ்சம் பேர் சேர்ந்து சரி பண்ணிட்டு இருக்கோம். சனிக்கிழமை வாங்க, உங்கள மாதிரி ஆளுதான் வேணும்.”

வேலை செய்யக் கூடாதே எண்டன். சம்பளம் இல்லாட்டி அது வேலை இல்லையாம். எங்கட ஊரில அதுக்கு வேற பேர் எண்டு நினைச்சன், சொல்லேல்லை.

கப்பல் ஒரு குடாவில, பழைய இறங்குதுறையில கட்டிக் கிடந்தது. எங்கட றோலர் பத்தை அதுக்குள்ளை அடுக்கலாம். முழுக்கத் துரு. நாலைஞ்சு வெள்ளைக்காரக் கிழவர் சுத்தியலால துருத் தட்டிக்கொண்டிருந்திச்சினம். பேசாமல் எனக்கும் ஒரு சுத்தியலைத் தந்திச்சினம். தட்டத் தொடங்கினன். காதும் அடைச்சுப் போச்சு, கையும் அடைச்சுப் போச்சு, நல்லா இருந்தது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கிளின்ர காரில போய்த் தட்டினன்.

அந்தக் கப்பலின்ர கதையை அங்கிள்தான் கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னவர். மீன் பிடிக்கவெண்டு கட்டினதாம். பிறகு பெரிய உலக யுத்தம் வர, இஞ்சத்தை நேவி வந்து எடுத்துக்கொண்டு போயிட்டுதாம். முன்பக்க அணியத்தில ஒரு பீரங்கியை வைச்சு, சாம்பல் நிறம் அடிச்சு, கடல் கண்ணிவெடி வழிக்க அனுப்பியிருக்கிறாங்கள். கண்ணிவெடி தண்ணிக்குக் கீழை, சங்கிலியில கட்டினபடி மிதந்துகொண்டு நிக்கும். கப்பல் பின்னாலை ஒரு நீட்டு இரும்பு வயரை இழுத்துக்கொண்டு போக, அந்தச் சங்கிலி வயரில மாட்டி அறும். வெடி மேலை வரும். துவக்கால சுட்டு வெடிக்க வைப்பாங்கள். அதுக்குப் பிறகுதான் பெரிய கப்பல் எல்லாம் அந்த வழியால போகுமாம். ஏன் மீன்பிடிக் கப்பலைப் பிடிச்சாங்கள் எண்டா, அதில வயரைச் சுத்தி இழுக்கிற வின்ச் இருக்கு, வயர் இருக்கு, இழுக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். போனாலும் பெரிய நட்டம் இல்லை. கடைசியா உள்ளதை அங்கிள் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியும்.

கிழவருக்குள்ளை ஒருத்தர் தலைவர் மாதிரி. நெடுவல் ஆள், எழுபத்தைஞ்சு வயசு இருக்கும். அவற்ற தகப்பன் யுத்தத்துக்குள்ளை அந்தக் கப்பல்ல வின்ச்சில நிண்டவராம். மீன் போடுற கிடங்கைத்தான் ஆக்கள் படுக்கிற இடமா மாத்தியிருந்தாங்களாம். யுத்தம் முடிஞ்சு வந்த பிறகு தகப்பன் வீட்டுக்குள்ளை மீன் சமைக்க விடேல்லை எண்டும், அவற்ற வயரில ஒரு வெடியும் ஒரு நாளும் மாட்டேல்லை எண்டும் நெடுவலார் சொன்னார். மற்றதுகளைப் பற்றித் தகப்பன் வாயே திறக்கேல்லையாம்.

“அவர் அங்கை நிண்டு என்னத்தை நினைச்சிருப்பார் எண்டு எனக்குத் தெரியாமலே போச்சு” எண்டு சொல்லி, வின்ச்சைத் தடவிக் குடுத்தார்.

அங்கிள் அதை எனக்குத் தமிழில சொன்னார். நான் என்ன விசரில அப்பிடிச் சொன்னனோ தெரியாது. கையில தேத்தண்ணிக் கோப்பை இருந்தது, வெயிலும் அடிச்சுக்கொண்டிருந்தது.

“சோறு” எண்டன்.

“என்னங்க?”

“சோத்தைத்தான் நினைச்சிருப்பார். கரைக்குப் போனா என்ன சாப்பிடலாம் எண்டு. வேற ஒண்டும் வராது. நானும் இழுத்தனான், அங்கிள்.”

இதைச் சொல்ல எனக்கு ஒண்டும் செய்யேல்லை. நெஞ்சும் அடிக்கேல்லை. மற்ற ஆற்றயோ கதையைச் சொல்லுற மாதிரி அங்கிளுக்குச் சொன்னன். எங்கட கரையை வைச்சிருந்தவங்கள் ஒருநாள் வந்து அண்ணையின்ர றோலரையும் என்ர றோலரையும் வலையைக் கழட்டச் சொன்னாங்கள். ஆர் எண்டு கேக்காதேங்கோ. மாறி மாறி வைச்சிருந்தவங்கள், மாறி மாறிக் கேட்டவங்கள். அங்கிளுக்கும் சொல்லேல்லை, இப்பவும் சொல்லமாட்டன். வலைக்குப் பதிலா ரெண்டு றோலருக்கும் நடுவில ஒரு வயரைக் கட்டினாங்கள். ஒவ்வொரு நாளும் விடிய, படகுகள் போற கடல் வாய்க்காலுக்குள்ளால நாங்கள் இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போகவேணும். அவங்கட போட் பின்னுக்கு, தள்ளி வரும். ஏலாது எண்டு சொல்ல ஏலுமே? சோடி கட்டி வலை இழுக்கேக்க மூத்தவன் ஆழப்பக்கம் போறதுதான் எங்கட வழக்கம். ஆழத்தில நீரோட்டம் கூட, அதைப் பிடிக்கிறது மூத்தவன்ர பொறுப்பு. வயர் இழுக்கேக்கயும் அண்ணை அப்பிடியே ஆழப்பக்கம் போவார். ஒருத்தரும் அவரைப் போகச் சொல்லேல்லை. வழக்கமெல்லே.

ஒருநாள் அந்தப் பக்கம் வெடிச்சுது. வயர் என்ர பக்கம் லேசாப் போச்சு, அவ்வளவுதான். திரும்பிப் பாக்க வெள்ளையாத் தண்ணி நிண்டது. பிறகு பலகையள் வந்துது. அண்ணை வரேல்லை. அண்ணி கைப்பிள்ளையோட நாலைஞ்சு நாள் கரையில இருந்தா, ஒண்டும் ஒதுங்கேல்லை. அடக்கம் செய்யாத ஆளுக்கு எப்பிடிப் பூசை குடுக்கிறது எண்டு எங்கட சுவாமியாரே யோசிச்சவர்.

அங்கிள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். நான் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சுப்போட்டுத் துருத் தட்டப் போயிட்டன்.

அங்கிளைப் பிழை சொல்லக் கூடாது. அந்தாளுக்கு அது பெருமை. நம்ம ஆள் ஒருத்தன், இவங்கட தகப்பன்மார் செய்த அதே வேலையைச் செய்தவன் எண்டு புளகாங்கிதப்பட்டு, அண்டைக்கே போய்க் கிழவரிட்டை எல்லாத்தையும் சொல்லியிருக்கிறார். அடுத்த சனி நான் போக, கிழவர் எல்லாரும் சுத்தியலைக் கீழை வைச்சுப்போட்டு வரிசையா வந்து எனக்குக் கை தந்திச்சினம். நெடுவலார் தொப்பியைக் கழட்டினார். என்னைக் கொண்டுபோய் வின்ச்சுக்குப் பக்கத்தில, அவற்ற தகப்பன் நிண்ட இடத்தில நிப்பாட்டிப் படம் எடுத்திச்சினம். எனக்கு என்ன நடக்குதெண்டே விளங்கேல்லை. சிரி எண்டாங்கள், சிரிச்சன்.

திரும்பி வரேக்க காருக்குள்ளைதான் அங்கிள் சொன்னார்.

“உங்களப் பத்தி ஒரு முழுப் பக்கம் போடறாங்க. அவங்க மாசா மாசம் ஒரு பத்திரிகை போடுவாங்கள்ல, அதுல. இன்டர்நெட்லயும் வரும். பேரு, படம் எல்லாம். ‘மைன்ஸ்வீப்பர் வீரர்’னு, அதாவது கண்ணிவெடி எடுத்த வீரர்னு தலைப்பு. எப்படி?”

விறைச்சுப் போயிருந்த ஆள், அப்பதான் சீட்டில நிமிந்து குந்தினன். கனநாளைக்குப் பிறகு.

“அங்கிள், காரை நிப்பாட்டுங்கோ.”

அங்கிள் பயந்துபோய் ஒரு பெற்றோல் ஸ்டேசனுக்குள்ளை விட்டார். நான் இறங்கேல்லை. காருக்குள்ளையே இருந்து சொன்னன். முகாமில நடந்தது முதல் விசாரணை, சின்னன். பெரிய விசாரணை இனித்தான் வரப் போகுது. அதிலதான் நிக்கிறதோ திருப்பி அனுப்பிறதோ எண்டு முடிவு. முதல் விசாரணையில என்ன செய்தனீ எண்டு கேட்டாங்கள், மீன் பிடிச்சனான் எண்டன். ஆருக்காவது வேலை செய்தனியோ எண்டு கேட்டாங்கள், இல்லை எண்டன். அண்ணை என்னெண்டு செத்தவர் எண்டு கேட்டாங்கள், கடலில எண்டன். காத்து மழையாக்கும் எண்டு அவங்களே எழுதிக்கொண்டாங்கள்.

“ஆனா உங்கள மிரட்டித்தானே பண்ண வெச்சாங்க? உண்மையச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க. இது நல்ல நாடுங்க.”

“அங்கிள், நீங்கள் பிளேனில வந்தனீங்கள்.”

கொஞ்சம் காரமாத்தான் சொல்லிப்போட்டன். ஆனா என்னெண்டு விளங்கப்படுத்திறது? உதுக்காகவே வருசக்கணக்கா முகாமுக்குள்ளை கிடக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். நாட்டின்ர பாதுகாப்புக்கு ஆபத்தாம். ஏன் எண்டு கேக்கவும் ஏலாது, ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஆற்றயோ படகை ஓட்டினதுக்கு, ஆற்றயோ சாமானை ஏத்தினதுக்கு. நான் இழுத்தது நேவிக்கோ, மற்ற ஆக்களுக்கோ, எதுவெண்டாலும் இஞ்சை ஒண்டுதான். மீன்காரன் எண்டா ஒருவேளை இருக்க விடுவாங்கள். வீரர் எண்டா கதை முடிஞ்சுது. திருப்பி அனுப்பினா அங்கை இன்டர்நெட்டை வாசிக்கிறதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம்.

அங்கிளுக்கு முகம் கறுத்துப் போச்சு. “ஐயையோ, நான் போய்ச் சொல்லி நிறுத்திடறேன். இவருக்கு கேஸ்ல பிரச்சினை வரும்னு சொன்னா போட மாட்டாங்க” எண்டார்.

“கோதாரி, அதைமட்டும் சொல்லிப்போடாதேங்கோ!”

ஏனெண்டா அந்தக் கிழவரை எனக்கு இப்ப நல்லாத் தெரியும். அவை நல்ல சனம். நல்ல சனம் சும்மா இராது. எனக்குப் பிரச்சினை எண்டு கேள்விப்பட்டா உடனை தங்கட எம்பிக்குப் போன் அடிக்கும், மந்திரிக்கு எழுதும், பேப்பர்க்காரனைக் கூப்பிடும். இந்த வீரனைக் காப்பாத்துங்கோ எண்டு பதாகை பிடிச்சுக்கொண்டு நிக்கும். பத்திரிகையில வாறதை விட அது மோசம். அப்ப ஒரு வழிதான் இருந்தது. நான் சொன்னது முழுக்கப் பொய் எண்டு, நானே போய்ச் சொல்லவேணும்.

அங்கிள் தானும் வாறன் எண்டார். வேண்டாம் எண்டன். அந்தாளால பொய் சொல்ல ஏலாது, முகத்தில எழுதி ஒட்டியிருக்கும். கிழமை நாளில நெடுவலார் தனிய வந்து நிப்பார் எண்டு தெரியும். ரெயின் எடுத்து, பஸ் மாறி, நான் மட்டும் போனன். போற வழியெல்லாம் இங்கிலீசில சொல்லவேண்டிய சொல்லுகளைத்தான் அடுக்கிக்கொண்டு போனன். சந்தைக்குச் சாமான் வாங்கப் போறவன் மாதிரி. பயமோ துக்கமோ ஒண்டும் இல்லை. சொல்லு மறந்துபோயிடுமோ எண்டதுதான் யோசினை.

அவர் சுக்கான் பிடிக்கிற வீல்ஹவுசின்ர கதவுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, அண்டைக்கு எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். வின்ச்சில கை வைச்சபடி நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். நல்ல படம். பக்கமெல்லாம் தயாராம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுதாம்.

“போடவேண்டாம்” எண்டன்.

ஏன் எண்டு கேட்டார்.

“பொய். நான் சொன்னது பொய். நான் மீன் மட்டும்தான் பிடிச்சனான். வயர் இழுக்கேல்லை.”

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஸ் அவ்வளவுதான், ஆனா அவருக்கு விளங்கீட்டுது. பிரஷை டின்னுக்கு மேலை வைச்சார். கனநேரம் என்ர முகத்தைப் பாத்தார். அவற்ற தகப்பன்ர மனசுக்குள்ளை என்ன இருந்தது எண்டு சொல்லக்கூடிய ஒரே ஆள் எண்டெல்லோ என்னை நினைச்சிருந்தவர். நான் கண்ணை எடுக்கேல்லை. பொய் சொல்லுறவன் கீழை பாப்பான் எண்டு விசாரணைக்காரர் நினைப்பாங்கள் எண்டு முகாமில பெடியள் சொல்லித் தந்தது. இஞ்சை நான் உண்மையைப் பொய்யாக்கிக்கொண்டு நிக்கிறன், எங்கை பாக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

“ஏன் அப்பிடிச் சொன்னனீ?”

“பெரிய ஆள் எண்டு காட்ட.”

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். ஏசுவார் எண்டு நினைச்சன். ஏசினா நல்லா இருந்திருக்கும், நான் வாங்கிக்கொண்டு போயிருப்பன். அவர் என்ர கையில இருந்த படத்தை வாங்கி ரெண்டாக் கிழிச்சு, வார்னிஷ் துணியள் போடுற வாளிக்குள்ளை போட்டார். கோவத்தில கிழிக்கேல்லை. பத்திரமாத்தான் கிழிச்சார்.

பிறகு திடீரெண்டு ஏதோ ஞாபகம் வந்தமாதிரி நிமிந்து பாத்தார்.

“அப்ப உன்ர அண்ணை? பக்கத்து போட்டில இருந்தவர்? அதுவும் இல்லையா?”

அதுக்கு நான் சொல்லு அடுக்கிக்கொண்டு வரேல்லை.

“இல்லை.”

“அவர் சாகேல்லையா?”

“சாகேல்லை.”

“இருக்கிறாரா?”

“ஓம்” எண்டு தமிழிலதான் வாயில வந்தது. “யெஸ். இருக்கிறார்.”

கிழவனார் பெரிய மூச்சொண்டு விட்டார். முகமெல்லாம் தெளிஞ்சுது. வார்னிஷ் பிசுக்கோட என்ர ரெண்டு கையையும் பிடிச்சார்.

“கடவுளே, நல்லது. பத்து நாளா நான் அந்த மனுசனை நினைச்சுக்கொண்டுதான் படுக்கிறனான். அவர் இருக்கிறாரெண்டா நீ பொய் சொன்னது ஒரு விசயமே இல்லை. வீட்டுக்குக் கதைக்கேக்க நான் சுகம் கேட்டதா அவருக்குச் சொல்லு.”

“சொல்லுறன்” எண்டன்.

அண்டைக்குப் பின்னேரம் ஊரில இருந்து அண்ணி போன் எடுத்தா. கிழமைக்கு ஒருக்கா எடுப்பா, ரெண்டு வார்த்தை கதைப்பா. சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டா, ஓம் எண்டன். பிள்ளைக்குக் காய்ச்சல், இப்ப பரவாயில்லை எண்டா. சரி எண்டன். போனில கண்டதையும் கதைக்கக் கூடாது எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். எண்டாலும் சொல்லுறன் எண்டு சொன்னதை நான் ஆருக்குச் சொல்லுறது?

“இஞ்சை ஒரு கிழவனார் அண்ணையைச் சுகம் கேட்டவர்.”

அண்ணி பிள்ளையை அங்காலை போய் விளையாடச் சொன்னா.

“அவரை ஆருக்கு அங்கை தெரியும்?” எண்டு கேட்டா.

“ஒரு வெள்ளைக்காரர். நான் கதைச்சதில தெரியும்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இருக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன், அண்ணி.”

அவ அழேல்லை. ஏன் சொன்னனீங்கள் எண்டும் கேக்கேல்லை. பின்னுக்குப் பிள்ளை எதையோ உருட்டிற சத்தம் கேட்டது. பிறகு, கடையில ஏதோ ஒரு சாமானுக்கு விலையைச் சம்மதிக்கிற குரலில சொன்னா:

“சரி. அங்கையாவது இருக்கட்டும்.”